தண்ணீர் எதுவரை வந்தது?

நவம்பர் மாதத்தின் இரண்டாவது வாரத்தில் குடவாசலில் ஆன்லைன் கடைகளுக்குள் கால் வைக்க இடம் இருக்காது. சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு பதிவதற்கு வழக்கமாக அந்த மாத நடுவில்தான் கடைசி நாள் வரும். அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் மழையில் நனையாமல் பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டிக்கொண்டு விவசாயிகள் வரிசையில் நிற்பார்கள். அப்படியொரு காலையில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் போன் செய்தார். "அண்ணே, சிஸ்டம் ஆன் ஆவுது, ஃபேன் சுத்துது. ஆனா டிஸ்பிளே வரல. கடை வாசல்ல முப்பது பேர் நிக்கிறாங்க."

நான் போய்ச் சேர்வதற்குள் வரிசையில் நின்றவர்களே தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள். "போர்டு போயிருக்கும், புதுசு வாங்கிடு" என்றார் ஒருவர். "ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்" என்றார் இன்னொருவர். வைரஸ் என்று மூன்றாவதாக ஒரு குரல். சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏந்தம்பி, கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா வயலையா வெட்டிப் பாப்போம்? எதுவரைக்கும் வந்திருக்குன்னு மடை மடையா பாத்துக்கிட்டு மேல போவோம். இதுக்கும் அப்படித்தான் இருக்கணும்."

அப்படித்தான். கணினி பழுது பார்க்கும் கலையை அதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மேட்டூரில் ஜூன் 12 அன்று அணை திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நாள் ஆகும். அங்கிருந்து ஆறு, ஆற்றிலிருந்து வாய்க்கால், அதிலிருந்து சி அண்டு டி வாய்க்கால், பிறகுதான் வயல். ஒன்று திறந்தால்தான் அடுத்தது. கணினியும் ஒரே வீச்சில் 'ஆன்' ஆவதில்லை. மின்சாரம், தாய்ப்பலகை, நினைவகம், வட்டு, விண்டோஸ் என்று படிப்படியாக ஒவ்வொரு மதகாகத் திறந்துகொண்டு வருகிறது. திரையில் தெரிவது கடைமடை. பழுது எங்கே என்ற கேள்விக்கு முன்னால், எதுவரை வந்து நின்றிருக்கிறது என்ற கேள்வியைக் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கணினி இந்த வட்டாரத்துக்கு நேற்று வந்த சாமான் அல்ல. திருவாரூர் மாவட்டம் 1997-ல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து உருவானது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, உமாசங்கர் ஆட்சியராக இருந்த காலத்தில், ஆட்சியர் அலுவலகமும் வட்ட அலுவலகங்களும் கணினிக்கு மாறியது நாடு முழுக்கப் பேசப்பட்டது. இன்று பட்டா முதல் காப்பீடு வரை எல்லாமே ஒரு பெட்டி உயிர்பெறுவதை நம்பி இருக்கிறது. அந்தப் பெட்டி எப்படி உயிர்பெறுகிறது என்பதுதான் பலருக்கும் தெரியாமலேயே இருக்கிறது.

பொத்தானுக்கும் ஃபேனுக்கும் நடுவே

முதலில் ஒரு திருத்தம். நம் ஊரில் மேசைக்கடியில் இருக்கும் பெட்டி முழுவதையுமே 'சிபியு' என்கிறோம். உண்மையில் சிபியு என்பது அதற்குள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும், தீப்பெட்டியைவிடச் சிறிய சில்லு. பெட்டியின் மூலையில், சுவரிலிருந்து வரும் ஒயரை வாங்கிக்கொள்ளும் இரும்புக் கூடுதான் எஸ்எம்பிஎஸ். அதுதான் நம் மேட்டூர். 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை வாங்கி 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக அது பிரித்துக் கொடுக்கிறது. 1995-ல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையைத்தான் பெரும்பாலான மேசைக் கணினிகள் இன்றும் பின்பற்றுகின்றன.

பெட்டியின் முன்னால் இருக்கும் பொத்தான் வீட்டு லைட் சுவிட்ச் போன்றதல்ல. அதன் வழியாக 230 வோல்ட் ஓடுவதில்லை. பிளக் மாட்டி சுவிட்சைப் போட்டவுடனேயே எஸ்எம்பிஎஸ் அரைத்தூக்கத்தில் விழித்து, ஊதா நிற ஒயர் வழியாக 5 வோல்ட்டை மட்டும் தாய்ப்பலகைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். நாம் பொத்தானை அழுத்தும்போது இரண்டு சின்ன முனைகள் ஒரு கணம் தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். அந்தச் சைகையைப் பார்த்துத் தாய்ப்பலகை பச்சை நிற ஒயரைத் தரையிணைப்போடு சேர்க்கிறது. அதன் பிறகுதான் எஸ்எம்பிஎஸ் முழுமையாக எழுகிறது.

எழுந்தவுடன் ஓட விடுவதும் இல்லை. எல்லா மின்னழுத்தமும் ஐந்து சதவீத ஏற்ற இறக்கத்துக்குள் நிலைத்துவிட்டதா என்று எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது. 100 முதல் 500 மில்லிநொடிக்குள் எல்லாம் சரியானால், சாம்பல் நிற ஒயரில் 'தரமாக இருக்கிறது' என்று ஒரு சைகை போகும். அது வரும்வரை சிபியு ஒரு அடி எடுத்து வைக்காது.

குடவாசல்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானிடம் பிடிபட்டு, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்து தண்ணீர் கேட்டான், அது உடனே கிடைக்காமல் பிறகு வந்ததால் குடிக்காமலே உயிர்விட்டான் என்று புறநானூற்றின் 74-ஆம் பாட்டுக்கான குறிப்பு சொல்கிறது. நேரம் தவறியும் தரம் தவறியும் வரும் மின்சாரத்தைச் சிபியுவும் அப்படித்தான் தொடாது.

ஆகவே முதல் கட்டத்தில் பார்க்கவேண்டியவை எளிமையானவை. பெட்டி முழுக்கச் செத்தது போல் இருந்தால், அதே பிளக்கில் போன் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பின்னால் இருக்கும் சின்ன சுவிட்ச் கீழே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பல தாய்ப்பலகைகளில் பிளக் மாட்டியதும் ஒரு குட்டி விளக்கு எரியும். அது எரிந்தும் பொத்தானுக்குப் பதில் இல்லையென்றால் பொத்தானே தேய்ந்திருக்கலாம். பலகையில் அதன் இரண்டு ஊசிகளையும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு எழுப்பிப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். ஆனால் எஸ்எம்பிஎஸ் கூட்டை மட்டும் வீட்டில் யாரும் பிரிக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

மோட்டார் போட்டால் கணினி தும்முவது ஏன்?

டெல்டாவுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. பக்கத்து போர் மோட்டார் ஓட ஆரம்பிக்கும் கணத்தில் பல்பு ஒருமுறை மங்கும். கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும். நிற்கும் மோட்டார் சுழலத் தொடங்கும்போது வழக்கத்தைவிட ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் வீடுகளில் அந்த நேரத்தில் மின்னழுத்தம் விழும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒரு சின்னக் குளம் மாதிரி. மின்சாரம் இமைத்தாலும் முழுச்சுமையில் சுமார் 16 மில்லிநொடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது அளவுமுறை. நம் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லிநொடி. ஒரு சுற்று முழுதாகத் தவறினாலே குளம் வற்றிவிடும் என்று அர்த்தம். அந்தக் குளத்தின் கொள்ளளவும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸில் 230 வோல்ட் 160 ஆகக் குறைந்தால் சேமிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. சாயங்காலம் லோ வோல்டேஜில் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிற கணினி நள்ளிரவில் ஒழுங்காக ஓடுவதன் ரகசியம் இது. இன்னொரு வேடிக்கை: வோல்டேஜ் குறைந்தால் குண்டு பல்பு மங்கி, மின்சாரத்தையும் குறைவாகவே இழுக்கும். எஸ்எம்பிஎஸ் தான் கொடுக்கவேண்டிய வேலையைக் குறைத்துக்கொள்ளாது. வோல்டேஜ் குறைய மின்னோட்டத்தைக் கூட்டி இழுத்துச் சூடேறும்.

சூடுதான் கெப்பாசிட்டரின் எமன். அதனுள் இருக்கும் மின்பகு திரவம் மெல்ல உலர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுவியலில் ஒரு நடைமுறைக் கணக்கு. உலர்ந்த கெப்பாசிட்டர் குளிர்ந்த நிலையில் இன்னும் மோசமாக வேலை செய்யும். "காலையில நாலு தடவை அமுக்கினாத்தான் ஆன் ஆவும், அப்புறம் நாள் முழுக்கப் பிரச்சினை இல்ல" என்று யாராவது சொன்னால் தாய்ப்பலகையில் உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் உச்சியைப் பாருங்கள். தட்டையாக இருக்கவேண்டிய தலை பூரி போல உப்பியிருந்தால் ஆளைக் கண்டுபிடித்தாயிற்று.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது இந்த மாவட்டங்களில் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நீண்ட நிறுத்தத்துக்குப் பிறகு மின்சாரம் திரும்பும் முதல் சில நிமிடங்களில் வோல்டேஜ் தள்ளாடும். கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வந்து நிலைத்த பிறகு மாட்டுவது செலவில்லாத காப்பீடு.

அழுதால் பிழைத்தது

நம் கடைக்கு வருவோம். ஃபேன் சுற்றுகிறது. பச்சை ஒயர் வேலை செய்துவிட்டது என்று அர்த்தம். ஃபேனுக்குத் தேவை 12 வோல்ட் மட்டும்தான். மற்றவை சரி என்பதற்கு அது சாட்சி இல்லை. ஆனாலும் தண்ணீர் கல்லணை தாண்டியது தெரிந்துவிட்டது. வட்டையோ விண்டோஸையோ இப்போது சந்தேகிக்க வேண்டியதில்லை. தண்ணீர் அந்த வாய்க்கால் வரைக்குமே வரவில்லை. ஃபார்மட் அடிக்கச் சொன்னவர் வயலை வெட்டச் சொல்கிறார்.

சாம்பல் நிற ஒயரின் சைகை கிடைத்ததும் சிபியு கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு முகவரிக்குப் போகும். அங்கே தாய்ப்பலகையில் இருக்கும் ஒரு சிறு சில்லில் பயாஸ் என்ற நிரல் எழுதப்பட்டிருக்கிறது. நினைவகம் இருக்கிறதா, திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று அது தலையெண்ணுகிறது. 1981-ல் வெளிவந்த ஐபிஎம் பிசியிலேயே இந்தச் சோதனை இருந்தது. திரை வேலை செய்யும் முன்பே கோளாறு கண்டால் எப்படிச் சொல்வது? அதற்குத்தான் பீப் ஒலி. பல கணினிகளில் ஒரு குட்டை பீப் என்றால் எல்லாம் நலம். அவார்டு பயாஸில் ஒரு நெடில், இரண்டு குறில் வந்தால் டிஸ்பிளே கார்டில் கோளாறு. கம்பெனிக்குக் கம்பெனி இந்த மொழி மாறும்.

அந்தப் பெட்டியில் பீப் ஒலிக்கும் குட்டி ஸ்பீக்கரே இல்லை. மலிவான பெட்டிகள் பலவற்றிலும் இருப்பதில்லை. என் பையிலிருந்த ஒன்றை மாட்டினேன். பிளக்கைப் பிடுங்கி, பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, இரும்புச் சட்டத்தைத் தொட்டு என் உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கினேன். பிறகு நினைவகமான ராமைக் கழற்றினேன். ராம் இல்லாமலே ஆன் செய்தேன்.

நீளமாக, விட்டு விட்டு அழுதது.

"என்னண்ணே, மோசமாயிருச்சா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல, பொழச்சிருச்சு." பிறந்த குழந்தை அழுதால் நிம்மதி அல்லவா? நினைவகம் இல்லை என்று புலம்புவதற்கே சிபியு உயிரோடு இருக்க வேண்டும், பயாஸ் ஓட வேண்டும், தாய்ப்பலகையின் முக்கியப் பாதைகள் சரியாக இருக்க வேண்டும். 'போர்டு போயிருக்கும்' என்ற தீர்ப்பை ஒரே ஒரு அழுகை தள்ளுபடி செய்துவிட்டது. ராமைக் கழற்றிய பிறகும் மௌனமாகவே இருந்திருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன்.

தங்கத்தின் மேல் ஒரு படலம்

கழற்றிய ராமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அது டிடிஆர் 3 வகை. அடிவிளிம்பில் பல்வரிசை மாதிரி 240 தங்க நிறத் தொடுமுனைகள். தங்க முலாம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன் கொண்டது. தங்கம் துருப்பிடிக்காது. அப்படியானால் தொடர்பு ஏன் விட்டுப்போகிறது?

காரணங்கள் பல சேர்ந்து வேலை செய்கின்றன. கணினி தினமும் சூடாகி ஆறும்போது பலகையும் ராமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த அசைவு முலாமைத் தேய்க்கிறது. நுண்ணிய ஓட்டைகள் வழியே ஈரம் உள்ளே போய், அடியில் இருக்கும் உலோகத்தை அரிக்கிறது. அதற்கு மேல் தூசு. அறுவடைக் காலத்தில் மெஷின் ஓடும்போது காற்றில் பறக்கும் நெல் சுணை உடம்பில் பட்டால் எப்படி அரிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதே சுணை கணினியின் ஃபேன் இழுக்கும் காற்றோடு உள்ளே போய்ப் பஞ்சு மாதிரி படியும். காய்ந்திருக்கும்வரை அதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் கோத்துக்கொண்டால் தொடுமுனைக்கும் தொடுமுனைக்கும் நடுவே மின்சாரம் கசியும் பாலமாகிவிடும். தினமும் ஓடி வெதுவெதுப்பாக இருந்த இந்தக் கடைப் பெட்டி, மூன்று நாள் இடிமழையில் பிளக் பிடுங்கப்பட்டுக் குளிர்ந்து கிடந்தது. ஈரம் தங்க வசதியாகிவிட்டது.

ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டுவது தமிழ்நாட்டு மெக்கானிக் கடைகளின் பாட்டி வைத்தியம். அது பலிப்பது நிஜம். ஆனால் பலிப்பதில் பெரும்பங்கு ரப்பருக்கு அல்ல. கழற்றி மாட்டும்போது ஸ்லாட்டில் இருக்கும் வில் போன்ற தகடுகள் தொடுமுனையை உரசிப் படலத்தைத் துடைத்துவிடுகின்றன. பள்ளிக்கூட ரப்பரில் சுரண்டும் துகள் கலந்திருப்பதுண்டு. அடிக்கடி தேய்த்தால் அந்த மெல்லிய தங்கமே போய்விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைப்பதே நல்லது. ஸ்லாட்டில் படிந்ததைக் காற்றடித்து ஊதிவிட வேண்டும். அப்போது சிபியு ஃபேனை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் அதன் பேரிங் கெடும்.

துடைத்து, ஊதி, இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்தி மாட்டினேன். ஒரே ஒரு குட்டை பீப். திரையில் கம்பெனி சின்னம் வந்தது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டவில்லை; "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்கள்.

2012-க்குப் போன கணினி

அவசரப்பட்டதற்கு ஏற்றபடி அடுத்த மடை அடைத்துக்கொண்டது. விண்டோஸ் வந்துவிட்டது. காப்பீட்டு இணையதளம் திறக்கவில்லை. 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பில் எச்சரிக்கை. வேறு எந்தத் தளத்துக்குப் போனாலும் அதே கதை. "நெட் காலி" என்றது ஒரு குரல். நான் திரையின் வலது மூலையைக் காட்டினேன். தேதி: 2012, ஜனவரி 1.

தாய்ப்பலகையில் ஒரு வட்டமான பேட்டரி உண்டு. பெயர் சிஆர் 2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தை அந்த 3 வோல்ட் ஓடவைக்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும். அதுதான் ஒரு நொடி. பிளக் மாட்டியிருக்கும்வரை கடிகாரத்துக்கு எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட் தெம்பு தரும். அதனால் பேட்டரி எப்போதோ செத்திருந்தும் கடைக்காரருக்குத் தெரியவில்லை. இடிக்குப் பயந்து மூன்று நாள் பிளக்கைப் பிடுங்கி வைத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

தேதிக்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டும். அதில் எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். 2012-ல் வாழும் கணினியின் கண்ணுக்கு அது இன்னும் பிறக்கவே பிறக்காத ஒருவரின் ஆதார் அட்டை. நம்ப மறுப்பது அதன் தவறில்லை. கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடையில் அதே பேட்டரி கிடைத்தது. மாற்றி, தேதியைத் திருத்தியதும் தளம் திறந்தது.

வட்டு வரை வந்து நின்றால்

அன்று எங்களுக்கு வாய்க்காத ஒரு மடையையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி சின்னம் வந்து, கறுப்புத் திரையில் 'பூட் டிவைஸ் இல்லை' என்று நின்றால் பலரும் பதறுவார்கள். முதலில் பெட்டியில் யாரோ மறந்துவிட்டுப் போன பென் டிரைவ் இருக்கிறதா என்று பாருங்கள். பயாஸ் அதில் விண்டோஸைத் தேடி ஏமாந்துகொண்டிருக்கலாம். இல்லையென்றால் பயாஸ் பட்டியலில் வட்டின் பெயர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் ஒயரைக் கழற்றி மாட்ட வேண்டும். பெயர் தெரிந்தும் விண்டோஸ் பாதியில் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் அது மென்பொருள் கோளாறு. பெரும்பாலும் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதால் கோப்புகள் சிதைந்திருக்கும்.

பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்யக் கூடாது. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கவேண்டிய முனை தடுமாறுகிறது. ஒவ்வொரு முயற்சியும் தட்டைக் கீறலாம். தகவலை மீட்பதுதான் முதல் வேலை. ஃபார்மட் என்பது கடைசி மருந்து. அதிலும், ராமில் கோளாறு இருந்தால் புதிதாகப் போடும் விண்டோஸும் பாதியில் நீலத்திரை காட்டி நிற்கும்.

மதியம் ஒரு மணிக்குப் பெரியவரின் முறை வந்தது. சர்வே எண்ணைச் சரிபார்த்து, ரசீதை வாங்கி, நான்காக மடித்து அதே பிளாஸ்டிக் பைக்குள் வைத்தார். "எந்த மடை அடைச்சிருந்துச்சு தம்பி?" என்று கேட்டார். இரண்டு மடை என்றேன். "ரெண்டுன்னா கஷ்டந்தான். ஒண்ணைத் திறந்துட்டு வீட்டுக்குப் போயிருவோம்" என்றார்.

பத்து நாள் கழித்துக் கடைக்காரர் மறுபடி போன் செய்தார். "அண்ணே, பிரிண்டர்ல மக்கர். லைட் எரியுது. கேபிள் பாத்துட்டேன், சிஸ்டத்துல காட்டுது. பேப்பர் இழுக்குது. வெளிய வர்றப்ப வெள்ளையாவே வருது."

"சரி, அப்புறம்?"

"அப்புறம் என்ன, டோனர் மாத்திட்டேன். இப்ப நல்லா வருது. சும்மா சொல்லலாம்னுதான் போன் பண்ணேன்."